அட்டாலியை இறக்கும் முன்



போன வாரம் நம் பழைய மாணவர் குழுவில் ஒரு பொண்ணு கேட்டிருந்தாள். சரவணம்பட்டிப் பக்கம் அடுக்குமாடி வீடு, இரண்டு படுக்கையறை. "டீச்சர், வீடு பூராவும் சாமானுங்க. நடக்க வழியில்லை. எதை வைக்கறது, எதைத் தூக்கிப் போடறதுன்னே தெரியலைங்க. அந்தக் காலத்துல வீடெல்லாம் எப்படி அத்தனை துப்புரவா இருந்துச்சு?" கீழே பத்திருபது பேர் "எங்க வீடும் அப்படித்தான்" என்று எழுதியிருந்தார்கள். ஒருவன் மட்டும், "அட்டாலியில இருந்த அத்தனையும் பழைய இரும்புக்காரருக்குப் போட்டுட்டேன், இப்ப நிம்மதி" என்று எழுதினான். அந்த "அத்தனையும்" என்ற சொல்தான் எனக்கு உறுத்தியது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

வரலாறு டீச்சரிடம் வீட்டைச் சுத்தம் செய்யும் வழி கேட்டால் பதில் இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாலிருந்துதான் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நொய்யலின் வடகரையில் இருக்கிறது கொடுமணல். வகுப்பில் எத்தனை முறை சொல்லியிருப்பேன்! பதிற்றுப்பத்தில் வரும் கொடுமணம் இந்த ஊர்தான் என்பது ஆய்வாளர்களின் முடிவு. 1985 முதல் அங்கே பல முறை அகழாய்வு நடந்திருக்கிறது. கல்மணி செய்த பட்டறை, இரும்பு உருக்கிய உலை, ரோம் வரை போன வணிகம் என்று பாடப்புத்தகம் சொல்லும். எனக்கு அங்கே மிகவும் பிடித்தது உடைந்த பானை ஓடுகள்தான். அவற்றின் மேல் தமிழ் பிராமி எழுத்தில் பேர் கீறியிருக்கிறார்கள். கண்ணன் ஆதன், சம்பன் சுமணன் என்று. ராஜா பேர் இல்லை, ஊர்ச் சனத்தின் பேர். பெரும்பாலும் அந்தக் கலத்தை வைத்திருந்தவரின் பேராக இருக்கும் என்பார்கள். அக்கம்பக்கம் கலந்து போனாலும் இது யாருடையது என்று தெரியவேண்டுமே!

இப்போது உங்கள் சமையல்கட்டுக்குப் போய் ஒரு எவர்சில்வர் போசியைத் திருப்பிப் பாருங்கள். புள்ளி புள்ளியாக ஒரு பேர் வெட்டியிருக்கும். உங்கள் அமுச்சியின் பேராக இருக்கலாம், சீர் கொடுத்த மாமன் பேராக இருக்கலாம், கல்யாணத் தேதிகூட இருக்கலாம். கடைக்காரர் மின்சாரப் பேனாவை வைத்துக் 'கர்ர்ர்' என்று பேர் வெட்டும்போது நாமெல்லாம் காதைப் பொத்திக்கொண்டு நின்றவர்கள்தானே. கொடுமணலில் ஆணியால் கீறியதும், ஒப்பணக்கார வீதியில் மிஷினால் வெட்டியதும் ஒரே வேலை. பொருளுக்குச் சொந்தக்காரர் யார் என்று எழுதிவிட்டால், அது வீடு திரும்பும். வீட்டு ஒழுங்கில் இதைவிடப் பழைய முறை எனக்குத் தெரிந்து இல்லை.

பத்திரப்படுத்துவதற்கும் நம் ஊரில் ஒரு பெரிய உதாரணம் உண்டு. 1842-ல் கோவைக்குப் பக்கத்தில் வெள்ளலூரில் மண்ணுக்குள்ளிருந்து ஒரு பானை கிடைத்தது. உள்ளே 522 ரோமானிய வெள்ளிக்காசுகள். பெரும்பாலும் அகஸ்டஸ், டைபீரியஸ் என்ற பேரரசர்கள் காலத்தவை. யாரோ ஒருவர் பத்திரமாகப் புதைத்து வைத்தார், திரும்ப எடுக்கவே இல்லை. "பத்திரமா ஒரு இடத்துல வச்சிருக்கேன்" என்று நம் வீட்டில் யாராவது சொன்னாலே எனக்கு வெள்ளலூர்ப் பானைதான் ஞாபகம் வரும். அப்படி வைத்த பொருளை வைத்தவர் எடுத்ததாகச் சரித்திரம் இல்லை!

சரி, நம் கண்ணால் பார்த்த காலத்துக்கு வருகிறேன்.

எங்கள் அப்பாருவின் தோட்டத்து வீடு ஓட்டு வீடு. முன்னால் திண்ணை, உள்ளே ஆசாரம், அதையடுத்து ஒரு அறை, சமையல்கட்டு, பின்னால் பொடக்காணி, தள்ளிக் கட்டுத்தாரை. நினைத்துப் பார்த்தால் அந்த வீட்டில் 'சாமான் வைக்க' என்று தனியாக ஓர் அறை கிடையாது. ஆனால் ஒவ்வொன்றுக்கும் இடம் உண்டு. அருவாள் எரவாணத்தில் செருகியிருக்கும். இருட்டில் கையை நீட்டினாலும் அதே இடத்தில் கைக்கு வரும். நுகத்தடியும் கவலைக் கயிறும் கட்டுத்தாரையின் ஆணியில். சோளமும் ராகியும் குதிரில். பயறு வகை அடுக்குப்பானையில். பால், தயிர் பூனைக்கு எட்டாமல் உறியில். விதைகளைக் காய்ந்த சுரைக்குடுக்கையில் போட்டு வாயை அடைத்து அடுப்புக்கு மேலே தொங்கவிட்டிருப்பார்கள். புகை படப்படப் பூச்சி அண்டாது. துவரைக்குச் செம்மண் கட்டி வெயிலில் காயவைப்பார்கள். தானியத்துக்குள் வேப்பிலையும் நொச்சியும் போடுவார்கள். அதாவது, ஒரு பொருளை எங்கே வைப்பது என்பதும் அது கெடாமல் எப்படி இருப்பது என்பதும் அவர்களுக்கு ஒரே கேள்வி. இன்று நாம் டப்பா வாங்கிவிட்டு அதற்குள் என்ன போடலாம் என்று யோசிக்கிறோம்.

அட்டாலி என்பது (சிலர் அட்டாரி என்பார்கள், மற்ற ஊர்களில் பரண்) அடிக்கடி எடுக்காத பொருளுக்கு. நோம்பிக்கு மட்டும் இறங்கும் அண்டா, கல்யாணத்துக்கு இறங்கும் பெரிய வாணலி, மழைக்கு முன் ஏற்றும் விறகுச் சில்லு. ஏணி போட்டு ஏறவேண்டும் என்பதாலேயே வேண்டாததை அங்கே யாரும் ஏற்றமாட்டார்கள்.

இதையெல்லாம் சொல்வதால் அந்தக் காலம் பொற்காலம் என்று நான் எழுதுவதாக நினைக்க வேண்டாம். பொருள் குறைவு என்பதால்தான் வீடு விரிவாகத் தெரிந்தது. எங்கள் ஆத்தாவுக்கு உடுத்த இரண்டு சீலை, பெட்டியில் ஒன்று. அந்தத் துப்புரவு முழுக்கப் பொம்பளைகளின் முதுகு வலியில் நின்றது. விடியும் முன் சாணி தெளித்து, சீமாறு பிடித்து, வாரத்துக்கொரு முறை தரை மெழுகி. பெரிய வீடுகளில் அதையும் வேறு சனங்கள் வந்து செய்தார்கள். அவர்கள் குடியிருப்புகளில் ஒழுங்குபடுத்தவே பொருள் இருந்ததில்லை. இதை விட்டுவிட்டு வரலாறு எழுதினால் அது அரைக் கதை.

வருஷத்துக்கு ஒரு நாள் மட்டும் வீடு தலைகீழாகும். மார்கழிக் கடைசி. சென்னையில் போகி என்று பழசை எரிக்கிறார்கள், புகையில் விமானம்கூடத் தாமதமாகிறது. நம் பக்கம் அந்த நாளுக்குப் பேரே வேறு. காப்புக்கட்டு. வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ மூன்றையும் சேர்த்து வீட்டுக் கூரையிலும் கட்டுத்தாரையிலும் தோட்டத்திலும் கட்டுவோம். எரிப்பது நமக்குப் பெரிய வழக்கமில்லை. ஆனால் கட்டுவதற்கு முந்தைய பத்து நாள் இருக்கிறதே, அதுதான் விஷயம். வெள்ளையடிக்க வேண்டும் என்றால் சுவரை ஒட்டிய எல்லாம் நகரவேண்டும். குதிரைக் காலி செய்து, பானைகளை இறக்கி, பெட்டிகளைத் திறந்து, அத்தனையும் வாசலில் வெயிலுக்கு வரும். அங்கேதான் கணக்கு நடக்கும். இந்தக் கூடைக்கு அடி போய்விட்டது, மாட்டுக்குத் தீனி அள்ள வைத்துக்கொள். இந்தச் சீலை நைந்துவிட்டது, பிள்ளைத்தூளிக்கு ஆகும். இந்தப் போசிக்கு ஈயம் பூசவேண்டும். இந்தச் சொம்பு நம்முடையது இல்லையே, யார் வீட்டுடையது? அன்று சாயங்காலம் அந்தச் சொம்பு அதன் வீட்டுக்குப் போய்ச் சேரும். வேண்டாதது என்று ஒன்று ஒதுங்குவது அபூர்வம். ஒவ்வொன்றும் வேறொரு வேலைக்கோ வேறொரு கைக்கோ போய்க்கொண்டே இருந்தது.

ஜப்பானியர்களுக்கும் இப்படி ஒன்று உண்டு. டிசம்பர் கடைசியில் வீடு, கடை, பள்ளிக்கூடம், கோயில் எல்லாவற்றையும் ஒரேயடியாகத் துடைப்பார்கள். ஓசோஜி என்று பேர். மாரி கோண்டோ என்ற ஜப்பானியப் பெண்மணி வீட்டைக் குறைக்கும் முறை பற்றி எழுதிய புத்தகம் உலகம் முழுக்க விற்றதே, அது வெறும் ஒருத்தியின் யோசனை இல்லை, அந்த மண்ணில் ஏற்கனவே இருந்த பழக்கத்தின் மேல் நின்றது. நமக்கும் அப்படி நிற்க ஒரு நாள் இருக்கிறது.

இந்தச் சுத்தத்துக்குக் கோவையில் ஒரு பயங்கரமான அத்தியாயமும் உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிளேக் நோய் கோவையைத் திரும்பத் திரும்பத் தாக்கியது. 1896-ல் பம்பாயில் பரவத் தொடங்கிய நோய். எலியின் மேலிருக்கும் தெள்ளுப்பூச்சிதான் அதைப் பரப்புகிறது என்று 1898-ல் கராச்சியில் வேலை செய்த பிரெஞ்சு மருத்துவர் சீமோன் சொன்னபோது பலர் நம்பவில்லை. நம் ஊர்ச் சனங்களுக்கு அந்த ஆராய்ச்சி தெரியாது, ஆனால் எலி செத்து விழுந்தால் வீட்டைவிட்டு வெளியேற வேண்டும் என்பது தெரியும். சட்டி பானையோடு ஊருக்கு வெளியே போய்க் குடிசை போட்டுத் தங்கினார்கள். கோவையில் இன்றும் பிளேக் மாரியம்மன் கோயில்கள் இருக்கின்றனவே, தினமும் அந்த வழியாகப் போகிறவர்களில் எத்தனை பேர் அந்தப் பேரை நின்று யோசித்திருப்போம்? "மூலை முடுக்குல சாமானைக் குமிக்காதே, எலி சேரும்" என்று என் ஆத்தா அதட்டும்போது அதில் ஒரு பழைய பயம் இருந்தது. அது வெறும் அழகுக்காகச் சொன்னதில்லை.

அடுத்தது மில் காலம். 1888-ல் ஸ்டேன்ஸ் மில்லில் தொடங்கிய நூற்பு, 1930களில் பைக்காரா மின்சாரம் வந்ததும் சிங்காநல்லூர், பீளமேடு என்று பெருகியது. கிராமத்திலிருந்து வந்த சனம் லைன் வீட்டில் குடியேறியது. நானும் அப்படியொரு லைன் வீட்டில் வளர்ந்தவள்தான். ஒரே அறை, ஒரு சின்னச் சமையல் மூலை, ஏழு பேர். இன்று யாராவது "இடமில்லை" என்றால் எனக்குள்ளே சிரிப்பு வரும். அம்மா சுவரிலிருந்து சுவருக்கு ஒரு கொடி கட்டியிருந்தாள். துணியெல்லாம் அதில். ஓலைப்பாய் சுருட்டி மூலையில். புத்தகப்பைக்கு ஆளுக்கொரு ஆணி. அப்பாவின் நைட் ஷிப்ட் தூக்குப்போசி கதவுக்குப் பின்னால். ஒரு தகரப் பெட்டி, அதற்குள் வீட்டின் மொத்தச் சொத்தும். பகலில் அறை, இரவில் பாய், விசேஷத்தன்று பந்தி. ஒரே தரை மூன்று வேலை செய்தது. இடம் என்பது காலி செய்தால் கிடைப்பது, கட்டினால் கிடைப்பதில்லை என்பதை அந்த வீட்டில்தான் கற்றேன்.

பிறகுதான் சாமான் வெள்ளம் வந்தது. 1955-ல் சபாபதி என்பவர் கோவையில் வெட் கிரைண்டரைச் செய்தார். பொம்பளைகளின் தோள்பட்டையைக் காப்பாற்றிய அந்த மனிதருக்கு நான் தனியாக ஒரு பதிவு எழுதவேண்டும். ஆனால் கிரைண்டர் உள்ளே வந்ததும் ஆட்டுக்கல் வாசலுக்குப் போனது, அம்மி அதன் பின்னால் போனது. இன்று அவை பல வீடுகளில் செடித்தொட்டிக்கு முட்டுக்கொடுக்கின்றன. சேலம் உருக்காலை 1981-ல் உற்பத்தியைத் தொடங்கியது. எவர்சில்வர் எல்லோர் கைக்கும் எட்டியது. பித்தளைக்கு ஈயம் பூசவேண்டும், மண்பானை உடையும், எவர்சில்வருக்கு ஒன்றும் ஆகாது. நல்லதுதான். ஆனால் தேயாத, உடையாத பொருள் வீட்டைவிட்டு வெளியேறுவதே இல்லை! ஒவ்வொரு கல்யாணத்துக்கும் பத்துத் தட்டு, ஒவ்வொரு காதுகுத்துக்கும் ஒரு குத்துவிளக்கு. அதற்குப் பின்னால் பிளாஸ்டிக். கான்கிரீட் வீடு கட்டும்போது சுவர் நெடுக அட்டாலிப் பலகை வார்த்துக் கதவும் போட்டுவிட்டோம். கண்ணுக்குத் தெரியாத இடம் கிடைத்ததும் வீடு விழுங்கத் தொடங்கியது.

ஆகவே, குறைக்கத்தான் வேண்டும். இதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் எதைக் கண்ணை மூடிக்கொண்டு குறைக்கலாம், எதைக் கண்ணைத் திறந்துகொண்டு குறைக்கவேண்டும் என்பதில்தான் எனக்கும் அந்த "அத்தனையும்" என்ற சொல்லுக்கும் சண்டை.

நம் விஜயமங்கலத்துக்காரர் கொங்குவேளிர் எழுதிய பெருங்கதையை 1924-ல் உ.வே.சாமிநாதையர் பதிப்பித்தார். கொங்கு மண் தமிழுக்குக் கொடுத்த பெரிய காப்பியம் அது. அதற்குத் தலையும் இல்லை, வாலும் இல்லை. உஞ்சைக் காண்டத்தின் முதல் 31 காதைகள் கிடைக்கவே இல்லை. கடைசிப் பகுதியும் போய்விட்டது. எந்த வீட்டில், எந்த வெள்ளையடிப்பில், எந்தக் கரையானுக்கு அந்த ஓலைகள் போயின? ஐயர் கரிவலம்வந்தநல்லூருக்குப் போன கதை பள்ளியில் படித்திருப்பீர்கள். பாண்டிய அரசர் சேர்த்து வைத்திருந்த சுவடிகளைக் கேட்டுக் கோயிலுக்குப் போனால், பழைய ஏடுகளை ஓமத்தீயில் போட்டுவிட்டதாகச் சொன்னார்கள். போட்டவர்கள் கெட்டவர்கள் இல்லை. சாஸ்திரப்படி மரியாதையாகத்தான் தீயில் இட்டார்கள். படிக்காமல் இட்டார்கள், அவ்வளவுதான்.

இதற்கு நேர்மாறான ஆட்களும் நம் பக்கம் இருந்தார்கள். கோவைகிழார் என்று எல்லோரும் அறிந்த சி.எம். இராமச்சந்திரன் செட்டியார், வழக்கறிஞர் வேலைக்கு நடுவே கொங்கின் வரலாற்றைத் தேடி அலைந்தவர். 1954-ல் அவருடைய 'கொங்கு நாட்டு வரலாறு' வந்தது. ஈரோட்டுப் புலவர் செ. இராசு, தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் கல்வெட்டியல் துறையில் இருந்தவர், 2023-ல் மறைந்தார். அறச்சலூர் மலையில் இசைக் கல்வெட்டைக் கண்டவர் என்று பெரிதாகச் சொல்வார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகப்படுவது, மடத்திலும் கோயிலிலும் தனி வீடுகளிலும் கிடந்த செப்பேடுகளையும் ஓலை ஆவணங்களையும் தேடித் தேடிப் படித்து அவர் அச்சில் ஏற்றியது. யாருக்கு எந்தக் கோயிலில் என்ன உரிமை, எந்த ஊர்க்காரர்கள் என்ன ஒப்பந்தம் செய்தார்கள், யார் யாருக்கு என்ன வரி கொடுத்தார்கள் என்பதெல்லாம் கல்லில் மட்டும் இல்லை. நம்மைப் போன்றவர்களின் அட்டாலியில், துணியில் சுற்றி, மஞ்சள் பொட்டு வைத்து, என்னவென்றே தெரியாமல் கும்பிட்டுக்கொண்டிருந்த பெட்டியில் இருந்தது. கும்பிட்டதால் பிழைத்தது என்றும் சொல்லலாம்.

செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்றொருவர் இருந்தார். புத்தகம், நாடக நோட்டீஸ், பழைய பத்திரிகை, கல்யாண அழைப்பிதழ் என்று எதையும் விடாமல் சேர்த்தார். அவர் வீட்டைப் பார்த்த யாரும் "எடைக்குப் போட்டால் வீடு விசாலமாகும்" என்றுதான் நினைத்திருப்பார்கள். 1992-ல் அவர் இறந்தபின் அந்தச் சேகரிப்பைச் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கி, 1994-ல் சென்னையிலேயே நூலகமாக்கியது. இன்று தமிழ் அச்சு வரலாறு படிக்கிற யாரும் அந்த வாசலைத் தாண்டாமல் போகமுடியாது. எல்லோரும் ரோஜா முத்தையா ஆகுங்கள் என்று நான் சொல்லவில்லை. உங்கள் வீட்டம்மா என்னை அடிக்க வருவார்.

"எங்க வீட்டுல செப்பேடும் இல்லை, ஓலையும் இல்லை, நாங்க மில் தொழிலாளி குடும்பம்" என்று உங்களில் பாதிப்பேர் சொல்வீர்கள். உங்களிடம்தான் முக்கியமாகப் பேசுகிறேன். பட்டயம் எழுதி வைத்தவர்கள் வசதியுள்ளவர்கள். உழைத்த சனத்தின் வரலாறு ரேஷன் கார்டில், மில் சம்பளச் சீட்டில், சங்கச் சந்தா ரசீதில், பள்ளி மாற்றுச் சான்றிதழில், அடகுச் சீட்டில்தான் இருக்கிறது. அந்தக் காகிதங்களுக்கு வேறு பிரதி எங்கும் கிடையாது. ஆயிரக்கணக்கான பேர் வேலை செய்த மில்கள் மூடிக்கிடக்கின்றன. சில இடத்தில் கட்டடமே இல்லை.

என் சித்தப்பா வேலை பார்த்த மில்லும் மூடிப்போனது. எந்த மில் என்று சொல்ல விருப்பமில்லை. 1995-ல் வந்த ஓய்வூதியத் திட்டத்தில் அவருக்குப் பணம் வரவேண்டும். எத்தனை வருஷம் வேலை செய்தார் என்பதற்குப் பதிவு சரியாக இல்லை, நடுவில் சில வருஷங்களையே காணோம் என்றார்கள். ஒரு வருஷத்துக்கு மேல் அலைந்தார். வயசான மனிதர், பஸ் ஏறி இறங்கி, ஒவ்வொரு முறையும் "அடுத்த மாசம் வாங்க". அந்த நேரத்தில்தான் அவர் மகன் வீட்டைப் புதுப்பிக்க அட்டாலியை இறக்கினான். ஒரு பழைய பிஸ்கட் தகர டப்பா, துருப்பிடித்தது. குப்பைக் குவியலோடு சேர்த்து வைத்துவிட்டான். சின்னம்மா வந்து அதைத் திரும்ப எடுத்துத் திறந்தார். உள்ளே வருஷவாரியாக ரப்பர் பேண்டு போட்ட சம்பளச் சீட்டுகள். எழுதப் படிக்கத் தெரியாதவர் சின்னம்மா. சம்பள நாளன்று சீட்டை வாங்கி டப்பாவில் போடுவதை மட்டும் நிறுத்தியதில்லை. காணாமல் போன வருஷங்கள் அத்தனையும் அதில் இருந்தன. சித்தப்பாவுக்குப் பென்ஷன் வந்தது. பெரிய தொகை ஒன்றும் இல்லை, ஆனால் கடைசி ஒன்பது வருஷம் அவர் யாரிடமும் மருந்துக்குக் கை நீட்டவில்லை.

சரி, கேட்ட கேள்விக்கு வருகிறேன். நான் என் வீட்டில் செய்கிற முறையைச் சொல்கிறேன்.

முழு வீட்டையும் ஒரே நாளில் தொடாதீர்கள். ஆத்தா பத்து நாள் எடுத்துக்கொண்டார், நமக்கென்ன அவசரம். ஒரு நாளைக்கு ஒரே ஒரு இடம். அந்த இடத்தில் இருப்பதை முழுவதும் வெளியே, மொட்டை மாடிக்கோ பால்கனிக்கோ வெயிலுக்குக் கொண்டுவாருங்கள். உள்ளேயே வைத்துக்கொண்டு பொறுக்கினால் எல்லாம் வேண்டியதாகவே தெரியும், வெயிலில்தான் அதன் உண்மையான நிறம் தெரியும். மூடி இல்லாத டப்பா, டப்பா இல்லாத மூடி, வயர் போன மிக்சி, கடைக்காரர் கொடுத்த பை, இவற்றுக்கெல்லாம் வரலாறு இல்லை. தாராளமாக விடுங்கள். அந்த விஷயத்தில் பழைய இரும்புக்காரர் தெய்வம்தான்.

பாத்திரத்தைத் திருப்பி அடியில் பேரைப் பாருங்கள். வேறு வீட்டுப் பேர் இருந்தால் அந்த வீட்டுக்குப் போகட்டும். என் அத்தை பேர் வெட்டிய பித்தளை அண்டா எங்களிடம் முப்பது வருஷம் இருந்தது. அத்தையின் பேத்திக்குக் கொடுத்தேன், அவள் அதைத் தடவித் தடவிப் பார்த்ததைப் பார்க்கவேண்டும். சொந்தப் பேர் உள்ள எவர்சில்வரில் வருஷத்தில் ஒரு முறையாவது கை படாததை அன்னதானம் நடக்கிற இடத்துக்குக் கொடுத்துவிட்டேன். இப்போது விசேஷத்துக்கு வருகிறவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், பாத்திரம் வேண்டாம் என்று. ஒரு சிலருக்கு வருத்தம்தான், என்ன செய்வது.

பருத்திச் சீலையும் வேட்டியும் இருந்தால் பிள்ளை பிறந்த வீட்டில் கேளுங்கள், தூளிக்கும் துடைக்கவும் ஆசையாக வாங்கிக்கொள்வார்கள். பாலியெஸ்டர் கரித்துணிக்குக்கூட ஆகாது. அதற்கு வழி, வாங்கும்போதே யோசிப்பதுதான்.

காகிதம், போட்டோ, பெட்டி மூன்றும் கடைசி. களைத்திருக்கும்போது தொடாதீர்கள். வீட்டில் வயசானவர் ஒருவர் இருந்தால் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக எடுங்கள். போட்டோவின் பின்னால் மெல்லிய பென்சிலால் பேரும் ஊரும் எழுதுங்கள். பால்பாயிண்ட் பேனா அழுத்தினால் முன்பக்கம் தடம் விழும். கண்ணன் ஆதன் பானையில் கீறியதைத்தான் செய்கிறீர்கள், கூச்சப்பட வேண்டாம். சொல்லத் தெரிந்தவர் போய்விட்டால் அது வெறும் தெரியாத முகம். பழைய பத்திரங்களை லேமினேட் செய்யாதீர்கள், பிறகு பிரிக்கமுடியாது. போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் நிலப் பத்திரத்தைக் குடும்பக் குழுவில் போட்டுவிட்டு அப்புறம் என்னிடம் பஞ்சாயத்துக்கு வராதீர்கள்.

ஓலைச்சுவடி கிடைத்தால் பிரித்து வளைக்க வேண்டாம். தேங்காயெண்ணெய், மண்ணெண்ணெய் எதையும் தடவ வேண்டாம். சுவடி நூலகங்களில் எலுமிச்சைப்புல் எண்ணெய் பயன்படுத்துகிறார்கள், ஆனால் அதைத் தெரிந்த கை செய்யவேண்டும். செப்புத்தகடு கிடைத்தால், பெண்களே, கும்பிட்டுக் கேட்கிறேன், புளி போட்டு விளக்கிவிடாதீர்கள். பளபளப்பு வரும், எழுத்து போகும். அப்படியே ஒரு பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். சென்னையில் அரசு கீழ்த்திசைச் சுவடி நூலகம் 1869-லிருந்து இருக்கிறது. தமிழ் இணையக் கல்விக்கழகம் சுவடிகளை மின்னாக்கம் செய்கிறது. பொருளைக் கொடுக்க மனமில்லை என்றால் படமாவது எடுக்கவிடுங்கள்.

சுவீடனில் வயசானவர்கள் தாங்கள் போகும் முன்பே தங்கள் சாமான்களைப் பிரித்துக் கொடுத்துவிடுவதை ஒரு பழக்கமாகவே வைத்திருக்கிறார்கள். மார்கரேட்டா மேக்னுசன் என்ற பெண்மணி அதைப் பற்றி எழுதினார். எண்பதைத் தாண்டியவர். படித்ததும் எனக்குப் பிடித்துவிட்டது. நானும் தொடங்கிவிட்டேன். புத்தகங்களில் பாதி நம் பள்ளி நூலகத்துக்குப் போய்விட்டது. சொந்தக்காரர்கள் கவனிக்க: அந்த மர அலமாரியைக் கேட்டு ஏற்கனவே மூன்று பேர் போன் செய்துவிட்டீர்கள், அதை இன்னும் நான் உபயோகித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

மார்கழி பிறந்துவிட்டது. காப்புக்கட்டுக்கு எல்லோர் வீட்டிலும் அட்டாலி இறங்கும். இறக்கும்போது உங்களுக்குப் படிக்கத் தெரியாத கையெழுத்து எது வந்தாலும், மில் சீட்டோ, மொய் நோட்டோ, கிரயப் பத்திரமோ, எனக்குத் தனியாக ஒரு படம் அனுப்புங்கள். மத்தியானத் தூக்கம் முடிந்து நாலு மணிக்கு மேல் நான் சும்மாதான் இருக்கிறேன். பழைய கூட்டெழுத்து எனக்கு ஓரளவு பிடிபடும். ஓலையாக இருந்தால் படிக்கத் தெரிந்தவரிடம் நானே சேர்த்துவிடுகிறேன். டப்பா, துணிமணி பற்றி மட்டும் கேட்காதீர்கள், அதையெல்லாம் நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.